ஆயவீட்டின் இரண்டு யன்னல்கள்

மசூரின் வீட்டு மூக்கில் யாரோ சிவப்பு மையால் பெரிதாகக் குறுக்கும் மறுக்குமாக ஒரு புள்ளடி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

வீட்டுக்கு மூக்கா என்று கேட்பவர்கள் கல்முனைக்குடிக்குப் புதியவர்களாக இருக்க வேண்டும். தெற்கே போகிற பெரிய வீதி தோணாப் பாலத்தில் ஏறுகிற இடத்தில், மற்ற வீடுகளெல்லாம் மரியாதையாகப் பின்வாங்கி நிற்க, இந்த வீடு மட்டும் முகத்தை வீதிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். தோணா என்பது கடலிலிருந்து ஊருக்குள் நுழைகிற உப்புத் தண்ணீர் ஓடை. வீட்டின் முன்னறை மூலை வெட்டின பெட்டி மாதிரி. வடக்கே ஒரு யன்னல், தெற்கே ஒரு யன்னல், நடுவில் கதவு. கடலில் எடுத்த முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பும் செங்கல்லும் சேர்த்துக் கட்டிய சுவர். அதன் தடிப்பில் ஒரு பிள்ளையைப் படுக்கவைக்கலாம். மேலே சாந்து போட்ட தட்டைக் கூரை. கதவோரத்தில் ஒரு கருங்கல் தூண், தூணில் ஒரு துளை.

வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் துளையில் ஒரு மரத்தைச் செருகிப் பாதையை மறித்தார்கள். பாலத்தைக் கடக்கிற வண்டிக்காரர்கள் ஆயம் என்கிற பாதை வரி கட்டினால்தான் மரம் உயரும். வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உள்ளே இருப்பவன் எழும்பாமல் கண்டுகொள்வதற்காக இரண்டு யன்னல். ஆயமும் போய், அதை வாங்கின வெள்ளைக்காரனும் போய்விட்டான். ஊர் இன்னும் அதை ஆயவீடு என்றுதான் சொல்கிறது.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இலங்கை முழுவதும் வீதிகளுக்குக் கொழுப்பு வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. கரையோர வீதியையும் அகட்டித் தார்க் காபட் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது மசூர் சந்தோசப்பட்டார். அவருக்குக் கலியாண வீடுகளுக்குக் கதிரை, பந்தல் தகரம், பலர் சுற்றியிருந்து உண்கிற சஹன் தட்டு வாடகைக்கு விடுகிற தொழில். வீதி நல்லதென்றால் கதிரையின் கால் உடையாது. புள்ளடியைக் கண்ட பிறகுதான், அகட்டுகிற வீதிக்குத் தன் வீடுதான் இரை என்பது அவருக்கு விளங்கியது.

புள்ளடி போட்டவர் வீதி வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர், காரைதீவுக் கதிர்காமத்தம்பி. ஒரு நூல் பிடித்தால் அது பள்ளிவாசலுக்கும் வளையாது, கோயிலுக்கும் வளையாது என்று பேர் எடுத்தவர்.

“ஐயா, மூக்க மட்டும் வெட்டுவீங்களோ?” என்று மசூர் கேட்டார்.

“மூக்க வெட்டினா முகம் நிக்குமா காக்கா? முன்சுவரிலதானே மத்தக் கூரையெல்லாம் சாஞ்சு கிடக்கு. எல்லாம் வரும்.”

வேறு நேரமென்றால் மசூர் இதையும் ஒரு பகிடியாக்கிவிட்டுப் போயிருப்பார். இது மகள் அப்ராவின் கலியாண நேரம்.

இந்தக் கரையில் கலியாணம் என்றால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுக்குரியது. தாயும் தகப்பனும் இருந்த வீட்டை மகளுக்கு விட்டுக்கொடுத்து, பின்னால் ஓர் அறை கட்டி ஒதுங்கிக்கொள்வார்கள். முஸ்லிம் ஊரிலும் இதுதான், பக்கத்துத் தமிழ் ஊரிலும் இதுதான். பெண்ணுக்கு வீடில்லை என்றால் மாப்பிள்ளை எங்கே வருவான்? ஊரிலுள்ள குமர்களுக்கெல்லாம் கதிரை போட்ட மசூருக்குத் தன் மகளுக்குக் கதிரை போடுகிற நாள்தான் இன்னும் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது என்று பார்த்தால் சுவரில் புள்ளடி.

மாப்பிள்ளை றிஸ்வான் நல்ல பையன், சாய்ந்தமருதில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறான். பையனில் குறையில்லை. பையனின் வாப்பா பக்கீர் முகைதீன் மரம் விற்கிற மரக்காலை ஒன்றின் முதலாளி. அவருக்கு நாலும் ஆண்பிள்ளைகள். நாலும் ஆண் என்றால் இந்தக் கரையில் ராசா மாதிரி. ஒரு வீடும் கட்டிக்கொடுக்கத் தேவையில்லை. மற்றத் தகப்பன்மார் சீமெந்துக் கடையில் தவம் கிடக்க, பக்கீர் முகைதீன் மீசையைத் தடவிக்கொண்டு வீதியில் போவார். மூன்று பேரை முடித்துவிட்டார். றிஸ்வான் கடைசி.

புள்ளடி விழுந்த மறுநாளே அவர் வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே சுவரைப் பார்த்தார்.

“என்ன சம்மந்தி, வீடு சிவந்து கிடக்கு?”

“சின்ன விசயம். பேசித் தீர்த்திரலாம்.”

“தீருங்க. தீர்ந்த பொறகு நாள் வைப்பம்.”

அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். வருவார், புள்ளடியைப் பார்ப்பார், போவார். தேத்தண்ணி குடியுங்கள் என்றாலும் இறங்கமாட்டார். கடன்காரன் கூட இப்படி வந்து நிற்கமாட்டான் என்று மசூர் மனைவி நஸீறாவிடம் பொருமினார். இந்த ஆள் தன் மகளைப் பார்க்கவில்லை, தன்னைப் பார்க்கவில்லை, சுவரை மட்டும் பார்க்கிறார் என்பது அவரைக் குத்தியது.

இதில் குடும்பத்துக்குள்ளே எல்லாருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய் திறக்காத ஒரு சங்கதி இருந்தது. பின்னால் உள்ள காணிக்கு நஸீறாவின் பெயரில் உறுதிப் பத்திரம் உண்டு. மூக்குக்கு இல்லை.

மூக்கு எப்படி அவர்களிடம் வந்தது என்றால், நஸீறாவின் உம்மாவின் உம்மாவுக்கு மூத்தவாப்பா, அதாவது தாயைப் பெற்ற தகப்பன், பெயர் அபூசாலி. வருஷா வருஷம் ஏலத்தில் ஆயத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் அவர்தான். ஆயம் வாங்குகிற உரிமைதான் அவருடையது, கட்டடம் அரசாங்கத்தினுடையது. ஆனால் கூரை உள்ள எதைக் கண்டாலும், இதை எந்த மகளுக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிற சனம் எங்கள் சனம். மகள் சல்மா உம்மாவுக்கு நாள் வைத்தாகிவிட்டது, வீடு கட்டி முடியவில்லை. அபூசாலி இரண்டு நாள் யோசித்தாரோ இல்லையோ, வெள்ளைக்கார ராசாவின் ஆயவீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, பின்னால் சொந்தமாக வாங்கிய காணியில் ஓர் அறை கட்டி ஒதுங்கிவிட்டார். புதுமாப்பிள்ளை யன்னலில் இருந்து ஆயம் வாங்கினான். பார்க்க வந்த துரை, புது ஆளை வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனாராம்.

அந்தத் தலையாட்டலில் ஐந்து தலைமுறை குடியிருந்துவிட்டது. சல்மா உம்மா தன் மகளுக்குக் கொடுத்தாள். அவள் தன் மகளுக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு தாயும் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓர் அறை கட்டினாள். இப்படி வீடு ரயில் பெட்டி மாதிரிப் பின்னுக்குப் பின்னுக்கு நீண்டு தோணாக் கரையில் போய் முட்டியது. உள்ளே போக வழி மட்டும் ஒன்றே ஒன்றுதான், மூக்கிலுள்ள கதவு. இரண்டு பக்கமும் அயல்வீட்டு மதில்.

அப்ராவுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாங்கள் ஒதுங்குவதற்காக மசூரும் நஸீறாவும் சில வருஷத்துக்கு முன்பே கடைசியில் ஓர் அறை கட்டினார்கள். பூச்சு காய்வதற்குள் சுனாமி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை தோணா வழியாக ஏறிய கடல் பின்னறையையும் அது நின்ற மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. முன்னால் மூக்கு அசையவில்லை. நஸீறாவும் அப்ராவும் அயலில் இருந்த இன்னும் பல பெண்களும் அந்தத் தட்டைக் கூரையில் ஏறி நின்று உயிர் தப்பினார்கள்.

மசூரின் கதிரைகள் கடற்கரையோரக் கலியாண வீடொன்றில் இருந்தன. முதுகில் மசூர் என்று பெயர் எழுதிய கதிரைகள். பிறகு மாதக்கணக்காக வயலுக்குள்ளிருந்தும் வேலியிலிருந்தும் ஆட்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “உங்களத் தென்னமரத்துல கண்டெடுத்தம் காக்கா” என்று ஒருவன் சொன்னான், மசூரும் சிரித்தார். அந்தக் கதிரைகளில் அன்று காலை இருந்தவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி மட்டும் அவர் கதைப்பதில்லை.

சுனாமிக்குப் பிறகு தோணாக் கரையில் கட்டத் தடை வந்தது. பின்னால் ஒதுங்க இடமில்லை. யுத்தம் முடிகிற வரைக்கும் முன்னாலும் இடமில்லை. மூக்கில் ஆமிக்காரர் சோதனைச் சாவடி வைத்திருந்தார்கள். அதே துளையில் மரம், அதே யன்னல், அதே நிறுத்து, இறங்கு, என்ன கொண்டுபோகிறாய். மசூரின் கதிரைகளிலேயே இருந்துகொண்டு மசூரின் அடையாள அட்டையைக் கேட்பார்கள். அவர்கள் போன பிறகு மண்மூட்டைகள் மட்டும் மிஞ்சின. அப்ராவின் கலியாணம் முடிந்ததும் கதிரைக் கொட்டிலில், கதிரைகளுக்கு நடுவில் பாய் போட்டுக்கொள்ளலாம் என்று மசூர் திட்டம் வைத்திருந்தார். நஸீறா அந்தத் திட்டத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பார்வை மட்டும் பார்த்திருந்தாள்.

இந்த நிலைமையில்தான் மசூருக்கு ஒரு யோசனை உதித்தது. பழைய கட்டடங்களை இடிக்க விடாமல் காக்கிற இலாகா ஒன்று இருக்கிறது. அவர்கள் ஒரு பலகை நட்டால் புல்டோசர் கிட்டவும் வராது. மசூர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

நஸீறாவுக்கு இது பிடிக்கவில்லை. “இஞ்சருங்க, பழசு எண்டு காட்டப் போய் ஆருட வீடு எண்டு கேட்டா என்ன செல்லுவீங்க?”

“அதெல்லாம் ஆரு கேக்கப் போறா?”

“கேக்கிறதுக்குத்தானே அவங்களுக்குச் சம்பளம்.”

ஒரு வியாழக்கிழமை. அந்த இலாகாவிலிருந்து சுஜித்தா என்றொரு பிள்ளை வருவதாகவும், கதிர்காமத்தம்பியும் கூட வருவதாகவும் செய்தி வந்தது. அன்றைக்கென்று பார்த்துப் பக்கீர் முகைதீனும் சொல்லியனுப்பினார்: வியாழக்கிழமை இறங்கி வீட்டை உள்ளே பார்க்க வேண்டும், இடிந்து விழுகிற பழைய வீட்டில் மகனை விடமுடியாது.

ஒரே நாளில் வீடு பழையதாகவும் இருக்க வேண்டும், புதியதாகவும் இருக்க வேண்டும். மசூர் மூக்கைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். கந்தோர்கள் எல்லாம் கல்முனையில், அதாவது வடக்கே. உத்தியோகத்தர்கள் வடக்கிலிருந்து வருவார்கள். சம்பந்தி சாய்ந்தமருதிலிருந்து, அதாவது தெற்கிலிருந்து வருவார். மூக்குக்கு இரண்டு பக்கம் இருக்கும்போது ஏன் கவலைப்பட வேண்டும்?

புதன்கிழமை முழுக்க வேலை நடந்தது. வடக்குப் பக்கத்தில் அங்கங்கே இருந்த சீமெந்து ஒட்டுகளுக்குத் தேயிலைச் சாயம் காய்ச்சித் துணியால் ஒற்றினார். கடற்கரையில் கிடந்த ஒரு துருப்பிடித்த சங்கிலியைக் கொண்டுவந்து யன்னல் கம்பியில் தொங்கவிட்டார். தெற்குப் பக்கத்துக்கு இளம்பச்சைப் பெயின்ட் இரண்டு தரம் அடித்து, யன்னலுக்குப் பூப்போட்ட திரை போட்டார். சிவப்புப் புள்ளடி நடுவில், கதவுக்கு மேலே, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நின்றது.

நஸீறா வீதிக்கு இறங்கிப் பார்த்தாள். “ஒரு கண்ணுக்குச் சுறுமா போட்டு மத்தக் கண்ணக் கழுவாம விட்ட மாதிரி இரிக்கி.”

“ஒரு நேரத்துல ஒரு கண்ணத்தான் பாப்பாங்க. பேசாம இரு.”

மசூரின் கணக்கில் பிழையில்லை. ஆனால் கதிர்காமத்தம்பியின் வீடு காரைதீவில் என்பதையும், சுஜித்தா தம்பிலுவில் பிள்ளை என்பதையும் அவர் யோசிக்கவில்லை. இரண்டும் தெற்கே. அவர்கள் வீட்டிலிருந்தே நேராகப் புறப்பட்டு வந்தார்கள். பக்கீர் முகைதீனோ காலையில் கல்முனைச் சந்தைக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தார்.

பழைய கட்டடம் பார்க்க வந்த சுஜித்தா இளம்பச்சைச் சுவருக்கு முன்னால் நின்றாள். விரலை வைத்தாள், விரல் பச்சையானது.

“காக்கா, இது எத்தின வருசப் பழசு எண்டு சொன்னீங்க?”

“போர்த்துக்கேயன் காலம் மிஸ். அந்தப் பக்கம் வந்து பாருங்க, அந்தப் பக்கம்!”

அந்தப் பக்கத்தில், சாயம் வடிந்து காய்ந்த சுவரையும் துருச் சங்கிலியையும் பக்கீர் முகைதீன் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல்தடவையாக மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியிருந்தார்.

“சம்மந்தி, இதென்ன, சுவருக்குச் சொறி புடிச்சிரிக்கி? இது நிக்குமா?”

“அது மழ ஊறல். இந்தப் பக்கம் வந்து பாருங்க, இந்தப் பக்கம்!”

இப்படி மசூர் ஓர் ஆளைத் தெற்கே இழுத்தார், மற்ற ஆளை வடக்கே தள்ளினார். மூக்கின் நுனியில், புள்ளடிக்குக் கீழே, எல்லாரும் ஒருவரையொருவர் சந்தித்துக்கொண்டார்கள். சுஜித்தா சுவரை முகர்ந்து பார்த்தாள்.

“தேயில வாசம் வருது.”

கதிர்காமத்தம்பி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். மசூருக்குக் காது சுட்டது. ஆனால் சுஜித்தா கோபப்படவில்லை. கருங்கல் தூணையும் துளையையும் கண்டதும் அவளுடைய முகம் மாறிவிட்டது. குனிந்து துளைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். இரண்டு யன்னலிலும் மாறி மாறி நின்று வீதியைப் பார்த்தாள்.

“போர்த்துக்கேயன் இல்ல காக்கா, பிரித்தானியர். ஆனா அருமையான ஆயவீடு. இந்தக் கரையில நான் இப்பிடி ஒண்டக் காணல்ல. இத இடிக்கேலாது.”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றார் மசூர்.

“இது அரசாங்கக் கட்டடமெல்லோ. நாங்க பொறுப்பெடுக்கிறம். முழு வீட்டையும்.”

மசூரின் வாய் திறந்தபடி நின்றது. பக்கீர் முகைதீனின் புருவம் மெதுவாக மேலே ஏறியது.

“அரசாங்கக் கட்டடமா? அப்ப அப்ராட வீடு எது?”

“இல்ல மிஸ்” என்றார் மசூர் அவசரமாக. “நல்லா யோசிச்சுப் பாத்தா இது ஆயவீடே இல்ல. சும்மா மீன்கட. சந்தோசத்துக்கு ஊர் ஆயவீடு எண்டு செல்லுது.”

“அப்ப மீன்கடைய இடிக்கலாம்” என்றார் கதிர்காமத்தம்பி.

“இல்ல ஐயா, ஆயவீடுதான்.”

“அப்ப அது அரசாங்கத்திட” என்றாள் சுஜித்தா.

மசூர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஆயவீடு என்றால் மகளுக்கு வீடில்லை. ஆயவீடு இல்லையென்றாலும் மகளுக்கு வீடில்லை. பக்கீர் முகைதீன் புறப்படுவதற்காக மோட்டார் சைக்கிளில் திறப்பைப் போட்டுவிட்டார். கதவுக்குப் பின்னால் அப்ரா நிற்பது மசூருக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சாயம் காய்ச்சின மூளை அதற்குமேல் ஓடவில்லை. வாய்க்கு வந்ததைக் கதைக்கிற மசூர் வாயடைத்து நின்ற ஒரே நாள் அதுதான் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அப்போதுதான் நஸீறா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலைமுக்காட்டை இழுத்துச் செருகினாள்.

“எல்லாரும் கொஞ்சம் உள்ள வாங்க” என்றாள். “முகத்தப் பாத்துத் தீர்ப்புச் செல்ல வேணாம்.”

உள்ளே போனார்கள். மூக்கைத் தாண்டி முதல் அறைக்குள் கால்வைத்ததும் நஸீறா நிலைப்படியைக் காட்டினாள்.

“வெள்ளக்காரன் கட்டினது அந்த மூக்கு மட்டுந்தான் மிஸ். மத்ததெல்லாம் பொம்புளையளுக்காகக் கட்டினது. இந்த அற சல்மா உம்மாட கலியாணத்துக்கு அவட வாப்பா ஒதுங்கக் கட்டினது. அது சல்மா உம்மா மகளுக்கு ஊட்டக் குடுத்திட்டுக் கட்டினது.”

சுஜித்தா பையிலிருந்து டோர்ச்சை எடுத்தாள். மூக்கும் முதல் அறையும் சந்திக்கிற மூலையில் வெளிச்சம் பிடித்து, நகத்தால் சுரண்டினாள். இரண்டு சுவரும் கைகோக்கவில்லை. இடையில் நேராக ஒரு கோடு இறங்கியது. இந்தப் பக்கம் பெரிய செங்கல், அந்தப் பக்கம் சின்னச் செங்கல்.

“ஐயா, இஞ்ச பாருங்க! பிணைப்பே இல்ல. பிறகு கொண்டுவந்து ஒட்டியிருக்கு.”

இரண்டாவது அறையில் களிமண் சாந்து. மூன்றாவதில் சீமெந்தும் ஆற்றுமணலும். “இந்தக் கட்டிடம் வளைஞ்சு கிடக்கிறது என்னத்துக்கு?” என்று கதிர்காமத்தம்பி கேட்டார்.

“என்ட உம்மாட உம்மா கட்டேக்க அவட புருசனோட கோவம். மேசனுக்கு ஆளுக்கொரு கத செல்லியிரிக்காங்க.”

நாலாவது அறை நஸீறாவின் கலியாணத்துக்கு அவளுடைய உம்மா கட்டியது. அதன் பின்கதவைத் திறந்தால் வாசற்படி இருந்தது, படிக்குக் கீழே தரையில்லை, தோணாத் தண்ணீர்தான்.

“இதுல நாங்க ரெண்டு பேரும் ஒதுங்குறதுக்கு ஒரு அற இருந்திச்சு” என்றாள் நஸீறா. “கடல் கொண்டு போயிட்டு.”

பக்கீர் முகைதீன் அந்தப் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தார். கழற்றிய திறப்பை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தார்.

கதிர்காமத்தம்பி பின்கதவிலிருந்து திரும்பினார். நூல் பிடித்தால் வளையாத மனிசன் நாலு அறையையும் திரும்ப ஒருதரம் பார்த்தார்.

“எனக்கும் ஒரு மகள்தான் அம்மா. வீட்டக் குடுத்திட்டு, முந்தி மாடு கட்டின கொட்டில்ல இருக்கிறன். மருமகன் சத்தமா ரீவி போட்டா எனக்குத்தான் முதல் கேக்கும்.” பிறகு உத்தியோகக் குரலுக்கு மாறினார். “இப்ப விசயம் இதுதான். மூக்கு அரசாங்கத்திட. அத இந்தப் பிள்ள இடிக்க விடாது. அது நிண்டா றோட்டு வளையத்தான் வேணும். றோட்டு வளைஞ்சா பின்னால ஒரு கல்லும் அசையாது. பின்னால உள்ளது உங்கட உறுதிக் காணி.”

“ஓம்” என்றாள் சுஜித்தா. “எங்களுக்கு மூக்கு மட்டும் போதும்.”

“அப்ப அப்ராட வீடு?” என்றார் பக்கீர் முகைதீன்.

“நாலு அறையும்” என்றாள் நஸீறா.

“நீங்க ரெண்டு பேரும் எங்க ஒதுங்குவீங்க? பின்னால தண்ணி.”

மசூர் கதிரைக் கொட்டில் என்று வாயெடுத்தார். நஸீறா அந்தப் பழைய பார்வையைப் பார்த்தாள். மசூர் வாயை மூடிக்கொண்டார். அவள் சுஜித்தாவிடம் திரும்பினாள்.

“மிஸ், அரசாங்கம் அந்த மூக்கப் பொறுப்பெடுத்தா, அதுல ஆரு இரிப்பா? கூட்டித் துடைக்க ஆரு? சனம் வந்தா காட்ட ஆரு?”

சுஜித்தா யோசித்தாள். பச்சை விரலைத் துப்பட்டாவில் துடைத்தாள். “சம்பளம் தரேலாது அக்கா. காவலுக்கு ஆள் இருந்தா எங்களுக்கும் நல்லம். ஆனா காக்கா இனிப் பெயின்ட் அடிக்கப்படாது. தேயிலையும்.”

“அந்தத் தேயில நெருப்பு வில” என்றாள் நஸீறா. “நான் அடிக்க விடமாட்டன்.”

ஐந்து தலைமுறையாகப் பின்னுக்குப் பின்னுக்கு ஒதுங்கி வந்த வீட்டில், முன்னுக்கு ஒதுங்கிய முதல் ஆட்கள் மசூரும் நஸீறாவும்தான். கதிர்காமத்தம்பி ஒரு துணியில் எண்ணெய் தோய்த்து, தான் போட்ட புள்ளடியைத் தானே துடைத்தார். முழுக்கப் போகவில்லை, இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

கலியாணம் நடந்தது. மசூரின் கதிரைகள் முதல்முறையாக வாடகை இல்லாமல் வேலை செய்தன. ஆயவீட்டுக் கதவில் அப்ராவின் சாச்சா மகன், அவளுக்குத் தம்பி முறை, மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் வாங்கினான். வழக்கப்படி கொஞ்சம் மறித்துத்தான் விட்டான். “இந்த வாசல்ல ஒண்டும் குடுக்காம ஒருத்தரும் தாண்டினதில்ல” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். றிஸ்வான் பெட்டியோடு உள்ளே போனான். பக்கீர் முகைதீன் பெட்டியை வாசல்வரை தூக்கி வந்துவிட்டு, விருந்து முடியும் முன்பே போய்விட்டார். பெரிய மனிசத் திமிர் என்று மசூர் நினைத்துக்கொண்டார்.

காபட் வீதி வந்தது. வடக்கேயிருந்து அம்பு மாதிரி வந்து, ஆயவீட்டைக் கண்டதும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டு, பிறகு பாலத்தில் ஏறியது. மசூருக்கு அந்த அறை பிடித்துப்போயிற்று. வடக்கு யன்னலோரம் ஒரு கதிரை. மருமகன் வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும், வழி ஒன்றுதானே.

“நில்லுங்க. என்ன கொண்டு வாறீங்க?”

“மீன் மாமா. பாரைக்குட்டி.”

“எத்தின?”

“ரெண்டு.”

“போங்க.”

உள்ளேயிருந்து அப்ராவின் சிரிப்புக் கேட்கும். அந்தச் சிரிப்பு மூன்று சுவர் தள்ளி இருக்கிறது, வேறு ஊரில் இல்லை என்பது மசூருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ராசாவின் கட்டடத்தை எடுத்து மகளுக்குக் கொடுத்த அபூசாலியை எல்லாரும் பகிடி பண்ணுவார்கள், மசூரும் பண்ணியிருக்கிறார். இப்போது அவர் மேல் ஒரு பிழையும் இல்லை என்று தோன்றியது.

பக்கீர் முகைதீன் வருவதை மட்டும் நிறுத்தவில்லை. புள்ளடி போன பிறகும் அந்த மனிசன் பின்னேர அசறுத் தொழுகைக்குப் பிறகு ஏதாவது சாட்டில் வந்தார். ஒருநாள் ஒரு பை மாம்பழத்தோடு வந்து வாசலில் நின்றார். றிஸ்வான் இன்னும் கடையிலிருந்து திரும்பவில்லை. எத்தனையோ நாள் மோட்டார் சைக்கிளிலிருந்தே தன்னை விசாரித்த ஆள் இது என்பது மசூருக்கு நினைவு வந்தது. விடுவாரா?

“நில்லுங்க சம்மந்தி. என்ன கொண்டு வாறீங்க?”

“மாம்பழம்.”

“ஆருக்கு?”

“புள்ளைக்கு.”

“இப்ப என்ன பாக்க வந்தீங்க? சுவர் நல்லாத்தான் இரிக்கி. புள்ளடியும் போயிட்டு.”

பக்கீர் முகைதீன் பையைக் கீழே வைத்தார். மீசையில் கை போனது, தடவாமலே திரும்பி வந்தது.

“நான் புள்ளடியப் பாக்க எண்டா வந்தன்? என்ட புள்ள படுக்கப்போற இடத்த இடிச்சிருவானுகளோ எண்டு பாக்க வந்தன். நாலு பேர் மசூர். நாலு பெட்டியையும் நான்தான் தூக்கிக் குடுத்தன். நாலு பேரும் நாலு ஊட்டுல. ஒங்களுக்கு மகள்ட சத்தம் கேக்குது. எங்கட ஊட்டுல நானும் அவவும் மட்டுந்தான். பின்னேரமானா இரிக்கேலாம இரிக்கி.”

மசூருக்கு, இவ்வளவு நாளும் இந்த மனிசனை வீட்டுப் பேராசை பிடித்தவர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது. எழுந்து உள்ளே போனார். முதுகில் தன் பெயர் எழுதிய இன்னொரு கதிரையைத் தூக்கி வந்து தெற்கு யன்னலோரம் போட்டுத் துணியால் தட்டினார்.

“இதுல இரிங்க. வடக்கால வாறத நான் பாக்கன். தெற்கால வாறத நீங்க பாருங்க. தெனமும் வாங்க. அரசாங்க வேல, சம்பளம் இல்ல.”

பக்கீர் முகைதீன் இருந்தார். நஸீறா இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தெற்கே பாலத்தின்மேல் றிஸ்வானின் மோட்டார் சைக்கிள் ஏறியது.

“உங்கட பக்கம்” என்றார் மசூர். “கேளுங்க, என்ன கொண்டு வாறான் எண்டு.”

பக்கீர் முகைதீன் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகத்தைக் கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோனார். றிஸ்வான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, யன்னலுக்குள் வாப்பாவைக் கண்டு முகமெல்லாம் சிரித்தான்.

“வாப்பா! எப்ப வந்தீங்க? இரிங்க, ராச் சாப்பாடு திண்டுபோட்டுத்தான் போகணும்” என்றான், வீட்டுக்காரன் மாதிரி.

“ஓம் மகன்” என்றார் பக்கீர் முகைதீன், வந்த விருந்தாளி மாதிரி.

மசூர் முகத்தைத் திருப்பி வடக்கு யன்னலால் வீதியைப் பார்த்தார். வடக்கேயிருந்து ஒன்றும் வரவில்லை. இருந்தாலும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.